நேராக நடந்த ஒரே ஒருவன்

கொட்டாஞ்சேனைப் பயிற்சி நிலையத்தின் மருந்து அறைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு, முதலில் அந்தக் கதிரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதன் பின்கால் ஒன்று ஆடும். மாற்றித் தரும்படி வேலையில் சேர்ந்த நாளிலிருந்து கேட்டேன். ஓய்வு பெற்ற நாளில் எனக்குப் பூமாலை போட்டார்களே தவிர, கதிரையை மாற்றவில்லை. ஆகவே சாய்ந்து உட்காராதீர்கள். நேர்ஸ் விழுந்து முறித்துக்கொண்டால் அந்த இடத்தில் கட்டுப் போட வேறு ஆள் கிடையாது.

உங்கள் மனேஜர் போன் எடுத்து, "அனுபவத்தை நாலு பக்கம் எழுதித் தாங்க மிஸி, புதுப் பிள்ளைகளுக்கு உதவும்" என்றார். கட்டுப் போடுவதும் ஊசி போடுவதும் நீங்கள் படித்து வந்தவைதான். அதைப் பற்றி நான் எழுதினால் உங்களுக்கும் அலுப்பு, எனக்கும் அலுப்பு. நான் எழுதப் போவது இரண்டு கால்களைப் பற்றி. ஒன்று ஒரு பொடியனுடையது, மற்றது அவனுக்குப் பயிற்சி கொடுத்த சார்ஜன்ட்டுடையது.

நாம் இராணுவம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். வங்கி வாசலிலும் மாடிவீட்டுக் கேட்டிலும் நிற்கும் காவலாளிகளைத் தயார் செய்யும் தனியார் கம்பனி. ஆனால் நம் முதலாளிக்கு இராணுவம் என்றால் உயிர். விடியக் காலையில் விசில், தோளில் மரத் துவக்கு, முதுகில் மணல் மூட்டை, ஏறுவதற்குக் கயிறு. சுப்பர் மார்க்கட் வாசலில் சாமான் பையைச் சோதிக்கப் போகிற பிள்ளைக்குக் கயிற்றில் ஏறும் பயிற்சி எதற்கு என்று ஒரு தடவை மனேஜரிடம் கேட்டேன். "டிசிப்ளின் மிஸி" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

நான் சேர்ந்த முதல் நாள் காலை, வெள்ளவத்தையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து இறங்கி மைதானத்தைப் பார்த்தேன். அணி முழுவதும் மார்ச் பண்ணிக்கொண்டிருந்தது. அத்தனை பேரும் நொண்டினார்கள். இடது முழங்காலை மடிக்காமல், காலை வெளிப்பக்கமாக ஒரு வீச்சு வீசி, பிறகு நிலத்தில் வைத்தார்கள். ஒருவர் தவறாமல், ஒரே நேரத்தில், ஒரே அளவுக்கு.

அரசாங்க ஆஸ்பத்திரியில் பல வருடம் வேலை செய்து வந்தவள் நான். எனக்குத் தலை சுற்றியது. சப்பாத்துக் கடியா, குடிக்கிற தண்ணீரில் ஏதுமா, ஏதாவது புதுக் காய்ச்சலா என்று ஓடிப்போய் அணியை நிறுத்தி, எல்லாரையும் நிலத்தில் இருத்தி, இடது சப்பாத்தைக் கழற்றச் சொன்னேன். ஒவ்வொரு முழங்காலாக அழுத்திப் பார்த்தேன். எல்லாம் நல்ல முழங்கால்கள். மலையகத்தில் ஏறி இறங்கி வளர்ந்த முழங்கால்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கிய முழங்கால்கள். ஒன்றிலும் ஒரு வீக்கமும் இல்லை.

கடைசியாக இருந்தவன் சுரேன் என்ற ஜிந்துப்பிட்டிப் பொடியன். வாய் நீளம். அவன்தான் மெதுவாகச் சொன்னான்.

"மிஸி, எங்களுக்கு ஒண்டுமில்ல. சார்ஜன்ட் அப்பிடித்தான் நடந்து காட்டுறவர். நாங்க அப்பிடியே செய்யிறம். நேரா நடந்தா பிழை எண்டு கிரவுண்டச் சுத்தி ஓட விடுவார்."

திரும்பிப் பார்த்தேன். சார்ஜன்ட் தேநீர்க் கடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற மனிதர், நிமிர்ந்த முதுகு, மடிப்புக் குலையாத உடுப்பு, கையில் பிரம்பு. இடது முழங்காலை மடிக்காமல், காலை வெளிப்பக்கமாக வீசி வீசிப் போனார்.

அவருக்கு அது தெரியாது. தான் நேராக நடக்கிறேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். மற்றவர்களும் சொல்லவில்லை. அது போர்க்காயம் என்று எல்லாரும் நம்பினார்கள். போர்க்காயத்தைப் பற்றி முகத்துக்கு நேரே கதைக்க முடியுமா? இப்படியே அந்த நடை ஒரு பயிற்சி அணிக்குப் பின் இன்னொன்றாக வெளியே போய்க் கொழும்பு முழுவதும் பரவி நின்றது. பஸ்ஸில் போகும்போது எங்கேயாவது ஒரு காவலாளி ஒரு காலை வீசி வீசி ரோட்டைக் கடந்தால், நம் ஆள் என்று தெரிந்துவிடும்.

வைத்தியத்தில் நொண்டல் என்பது ஒரு செய்தி. ஒருவன் நொண்டிக்கொண்டு வந்தால் நாம் எழுந்து போய்ப் பார்ப்போம். எல்லாரும் நொண்டுகிற இடத்தில் என்ன செய்வது? அந்த மைதானத்தில் உண்மையாகக் கால் நொந்தவனைக் கண்டுபிடிப்பது என் தலையெழுத்தாகிவிட்டது.

அவர்களாகச் சொல்லவும் மாட்டார்கள். மருந்து அறைக்குள் போனவன் ஊருக்குப் போவான் என்பது அவர்களுக்குள் ஒரு நம்பிக்கை. அது முழுக்கப் பொய்யும் இல்லை. பயிற்சியை முடிக்க முடியாதவனை மனேஜர் வீட்டுக்கு அனுப்பி, அடுத்த அணியோடு வரச் சொல்லுவார். ஆகவே நோவை மறைப்பதில் அந்தப் பிள்ளைகள் காட்டிய கெட்டித்தனத்தைப் படிப்பில் காட்டியிருந்தால் பாதிப் பேர் டொக்டராகியிருப்பார்கள். காய்ச்சலோடு இருந்த ஒருவன் நான் வரும் நேரம் பார்த்து வெயிலில் போய் நின்றான். நெற்றி சுடுவது வெயிலால் என்று நான் நினைக்க வேண்டுமாம். இன்னொருவன் விரல் பிசகி, ஞாயிற்றுக்கிழமை எலும்பு வைத்தியரிடம் போய்ப் பச்சிலை வைத்துக் கட்டிக்கொண்டு வந்தான். கேட்டேன். மச்சாளின் கலியாணத்துக்கு மருதாணி போட்டதாம். விரல் வாழைப்பழம் மாதிரி வீங்கியிருந்தது. "மருதாணிக்கு என்ன வீக்கம்?" என்று கேட்டு உள்ளே இழுத்து வந்தேன்.

இனி யோகேசின் கதைக்கு வருகிறேன். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. மெல்லிய உடம்பு, யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டும் சுபாவம். அவனை எனக்கு முன்பே தெரியும். முந்திய அணியிலும் வந்தவன். பயிற்சி முடிய ஒரு கிழமை இருக்கும்போது அம்மை போட்டுவிட்டது. நான்தான் வேப்பிலையும் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பி வைத்தேன். இந்த முறை வந்தபோது, "அம்மை எல்லாம் வந்து முடிஞ்சிருச்சிங்க மிஸி, இனி ஒண்ணும் வராது" என்று எனக்கு உறுதி சொன்னான்.

பயிற்சியின் கடைசிக் கிழமை. சனிக்கிழமை பிரியாவிடை அணிவகுப்பு. அதற்கு முதல் நாள் மணல் மூட்டையோடு ஓட்டப் பரீட்சை. அதில் ஓடி முடித்தவனுக்குத்தான் தொப்பி. செவ்வாய்க்கிழமை காலை சார்ஜன்ட் யோகேசின் சட்டைக் கொலரைப் பிடித்து மருந்து அறைக்குள் கொண்டுவந்தார். அவருக்குத் தமிழ் கொஞ்சம் வரும், எனக்குச் சிங்களம் நிறைய வரும். இரண்டையும் கலந்து கதைத்துக்கொள்வோம்.

"மிஸி, இந்தக் கொல்லாவை, இந்தப் பொடியனைப் பாருங்க. மூணு நாளா நேரா நடக்குது."

"என்ன சார்ஜன்ட்?"

"நேரா நடக்குது. மத்த எல்லாம் சரியா நடக்குது, இது மட்டும் நேரா. சொன்னாலும் கேக்குறதில்ல. மண்டையில ஏதோ வருத்தம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். பாதிச் சிரிப்பில் ஒன்று தைத்தது. இத்தனை நாளும் எல்லாரையும் போல இடது காலை வீசி நடந்தவன் ஏன் திடீரென்று நேராக நடக்கிறான்? அங்கே நேராக நடப்பதற்குத் தண்டனை உண்டு. வேண்டுமென்று ஒருவன் நேராக நடக்க மாட்டான்.

சார்ஜன்ட்டை வெளியே அனுப்பினேன். யோகேசை ஒரு சின்ன ஸ்டூலுக்கு முன்னால் நிறுத்தி, மேல் தட்டில் இருந்த மருந்துப் போத்தலைக் காட்டினேன்.

"தம்பி, எனக்கு எட்டேல்ல. ஏறி அதை எடுத்துத் தாரும்."

இடது காலை வைத்து ஏறி எடுத்துத் தந்தான்.

"இப்ப மற்றக் காலை வைச்சு ஏறி, அதைத் திருப்பி வையும்."

"மத்தக் கால் எதுக்குங்க மிஸி? இந்தக் காலே நல்லாத்தான ஏறுது."

"ஏறும் எண்டுறன்."

வலது காலை ஸ்டூலில் வைத்தான். உடம்பைத் தூக்கவில்லை. சுவரில் தொங்கிய முருகன் படத்தைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றான். கட்டிலில் இருத்தி, வலது காலின் முன் எலும்பை விரலால் தடவிக்கொண்டு கீழே வந்தேன். ஓரிடத்தில் அழுத்தியதும் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்தான்.

"நோகுதோ?"

"வலிக்கலீங்க."

"அப்ப கண்ணில என்ன தண்ணி?"

"மருந்து வாசங்க மிஸி."

எலும்பில் கீறல் விழுந்திருக்கிறது என்று என் விரலுக்குத் தெரிந்தது. ஓடி ஓடி வருகிற கீறல் அது. பிள்ளை வலது காலில் பாரம் வைக்காமல் சட்டென்று எடுக்கிறான். சார்ஜன்ட் பழக்கியபடி இடது காலையும் வீசுகிறான். இரண்டு கோணலும் ஒன்றையொன்று இழுத்துச் சரிக்கட்டி, அவனை நேராக நடக்க வைத்துவிட்டன. இந்த மைதானம் முழுவதும் நொண்டிக்கொண்டிருக்க, கால் வெடித்தவன் ஒருவன் மட்டும் மாப்பிள்ளை மாதிரி நடந்து திரிந்திருக்கிறான். என் வேலைக் காலத்தில் இப்படி ஒரு அறிகுறியை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. நீங்களும் படிக்கப் போவதில்லை.

"வெள்ளிக்கிழமை நீர் ஓடக்கூடாது" என்றேன். "ஓடினா இந்த எலும்பு ரெண்டாப் போகும்."

அப்போதுதான் அழுதான். சத்தம் இல்லாமல், தலையைக் குனிந்துகொண்டு.

"ஓடலன்னா அனுப்பிருவாங்க மிஸி. ஒரு வாட்டி அம்மைன்னு போனேன். கொழும்புக்குப் போயி அம்மைய வாங்கிட்டு வந்தவன்னு லயத்துல எல்லாரும் சிரிச்சாங்க. ரெண்டாவது வாட்டியும் போனா இங்க மறுபடி எடுக்க மாட்டாங்க. பொண்ணு வீட்டுல தை மாசம் வரைக்கும்தான் பொறுப்போம்னு சொல்லிருக்காங்க. வேலை இல்லன்னா குடுக்க மாட்டாங்க."

"பிள்ளைக்கு உம்மைப் பிடிக்குமோ?"

"புடிக்குங்க. அதனாலதான் ஒரு தடவை பொறுத்துச்சு."

பிள்ளைகளே, இந்த இடத்தில் உங்கள் கை அவசரப்படும். நானும் ஒரு நிமிடம் தடுமாறினேன். இவனை ஓட முடியாதவன் என்று அறிவித்தால் கால் தப்பும், வாழ்க்கை போகும். இரக்கப்பட்டு வாயை மூடிக்கொண்டால் வெள்ளிக்கிழமை மணல் மூட்டையோடு மைதானத்தில் கிடப்பான். இரண்டில் ஒன்றை உடனே எடுக்க வேண்டும் என்று தோன்றும். அப்படித் தோன்றும்போது ஒன்றும் எடுக்காமல் ஒரு பிளேன்டீ ஊற்றுங்கள். நான் இரண்டு ஊற்றினேன். அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. குடித்து முடிக்கிற நேரத்தில் ஒரு யோசனை வந்தது. அதைக் கெட்டித்தனம் என்று சொல்ல மாட்டேன், கொஞ்சம் துணிச்சல் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

வெளியே போய்ச் சார்ஜன்ட்டிடம் கால் விஷயத்தைச் சொன்னேன். அவர் எதிர்பார்த்தபடியே பதில் சொன்னார்.

"கால் சரியில்லாட்டி ஊருக்குப் போகட்டும். கால் சரியில்லாத ஆளுக்குப் படையில என்ன வேலை?"

"சரி சார்ஜன்ட். ஒருக்கா அணியைக் கூட்டிக்கொண்டு அந்தக் கோடி வரைக்கும் போயிட்டு வாங்கோ."

அவர் முன்னால் போனார், அணி பின்னால் போனது. நான் என் போனில் வீடியோ எடுத்தேன். திரும்பி வந்ததும் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கூர்ந்து பார்த்தார். முகம் சுருங்கியது.

"முன்னுக்குப் போற ஆள் பிழை செய்யுது மிஸி. அதைப் பார்த்து எல்லாம் பிழை செய்யுது. யாரு அது? பேர் சொல்லுங்க, இப்பவே ஓட விடுறேன்."

நான் வீடியோவைத் திரும்ப ஓட விட்டேன். அவர் மறுபடி பார்த்தார். மூன்றாவது தடவை பார்த்தபோது அந்த ஆளின் கையில் இருந்த பிரம்பைக் கண்டார். பிறகு தன் கையில் இருந்த பிரம்பைப் பார்த்தார். போனை மெல்ல என்னிடம் தந்துவிட்டு, பக்கத்தில் கிடந்த மணல் மூட்டையில் உட்கார்ந்தார்.

"எல்லா அணியும் இப்படியா?"

"நான் வந்த பிறகு எல்லாம்."

"ஒருத்தனும் சொல்லல்ல."

"ஆர் சார்ஜன்ட் சொல்லுறது?"

அந்த மனிதரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. இவ்வளவு காலம் அவருடைய விசிலைக் கேட்டாலே எரிச்சல் படுவேன். அன்றைக்கு அவர் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி என் முகத்தைப் பார்த்தார்.

"ஒபிசுக்குச் சொல்ல வேணாம் மிஸி. முழங்கால் போன ஆளுக்கு விசில் குடுக்க மாட்டாங்க. வீட்டுல இருந்தா என் நோனா என்னை வெங்காயம் உரிக்க விடும்."

"நான் சொல்ல மாட்டன். நாளைக்கு ரெண்டு பேரும் என்னோட பொரளைக்கு வாங்கோ. எக்ஸ்ரே எடுப்பம்."

அது மிரட்டல் இல்லை. கொஞ்சம் மிரட்டல்தான்.

மறுநாள் ஒரு ஓட்டோவில் மூன்று பேரும் நெருங்கி உட்கார்ந்து பொரளைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான் இலக்கத் துண்டு எடுக்க வரிசையில் நின்றேன். திரும்பி வந்து பார்த்தால் இரண்டு பேரையும் காணவில்லை. நீண்ட வராந்தாவின் கோடியில் ஒரு சக்கரக் கதிரை போய்க்கொண்டிருந்தது. அதில் சார்ஜன்ட் பிரம்பை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து இருந்தார். எலும்பு வெடித்த யோகேஸ் அதைத் தள்ளிக்கொண்டு போனான். நொண்டி வந்தவரைக் கண்டு ஒரு சிற்றூழியர் கதிரையைக் கொண்டுவந்து கொடுத்து, நேராக வந்தவனிடம், "தம்பி, அய்யாவைத் தள்ளிக்கொண்டு போங்க" என்று சொல்லியிருக்கிறார். இவனும் யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டுகிறவன் அல்லவா, தள்ளிவிட்டான்.

நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். "இறங்குங்கோ சார்ஜன்ட்! நோயாளி அவன்."

"நான் சொன்னது மிஸி. இவன் கேக்கல்ல" என்றார் சார்ஜன்ட். ஆனால் அவசரப்பட்டு இறங்கவும் இல்லை.

இடத்தை மாற்றினோம். இப்போது நொண்டுகிறவர் தள்ள, நேராக நடந்தவன் கதிரையில் இருந்தான். பார்த்தவர்கள் எல்லாரும் எங்களைத் திட்டினார்கள். ஒரு அம்மா யோகேசைப் பார்த்து, "கால் ஏலாத மனுசனைத் தள்ள விட்டிட்டு இவர் ஏறி இருக்கிறார், வெக்கமில்ல" என்றாள். அவன் இறங்கப் பார்த்தான். சார்ஜன்ட் தோளில் ஒரு அமுக்கு அமுக்கி இருத்தினார்.

படத்தில் கீறல் தெளிவாகத் தெரிந்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள். இன்னும் ஒரு ஓட்டம் ஓடியிருந்தால் எலும்பு முறிந்து சத்திரசிகிச்சைக்குத்தான் வந்திருப்பான் என்றார் இளம் டொக்டர். பிறகு சார்ஜன்ட்டின் முழங்காலைப் பார்த்தார். பழைய காயம், சரியாகப் பொருந்தாமல் விடப்பட்டது.

"இது எப்பிடி நடந்தது? சண்டையிலயா?"

சார்ஜன்ட் கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். யோகேசைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "பலா மரம்" என்றார்.

லீவில் வீட்டுக்குப் போனபோது, மனைவி கறிக்கு ஒரு பலாக்காய் கேட்க, ஏறி விழுந்தாராம். விழுந்ததைச் சொன்னால் லீவில் மரம் ஏறியதற்குத் திட்டு விழும் என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. எண்ணெய் பூசிக் கட்டிக்கொண்டு முகாமுக்குப் போய், அடுத்த நாளே பரேட்டில் நின்றாராம். யோகேஸ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறார்கள். ஒருவர் மாட்டிக்கொள்ள நீண்ட காலம் பிடித்தது, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மனேஜரின் அறைக்குப் போனோம். மனேஜர் கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவர், நல்ல மனிதர்தான், ஆனால் பரேட் வந்தால் அவருக்கு இரத்த அழுத்தம் ஏறும். மாவுக்கட்டைக் கண்டதும் தலையில் கை வைத்தார்.

"மிஸி, சொறி. ரூல் எண்டா ரூல். ஓடாட்டி தொப்பி இல்ல. இவருக்கு இது செகண்ட் டைம். நான் இவருக்கு மட்டும் எப்பிடி மாத்துறது? நாளைக்கு எல்லாரும் காலைக் காட்டிக்கொண்டு வருவாங்க."

நான் பேச வாயைத் திறந்தேன். அதற்குள் சார்ஜன்ட் முன்னால் வந்து அட்டென்ஷனில் நின்றார். பிறகு குனிந்து, இடது பக்க லோங்ஸைச் சுருட்டத் தொடங்கினார். மடிப்புக் குலையாத அந்த லோங்ஸை முழங்கால் வரை சுருட்டினார். முழங்கால் சின்னத் தேங்காய் அளவுக்கு ஒரு பக்கமாக வீங்கிக் கிடந்தது.

"கால் சரியில்லாததுக்கு இவனை அனுப்புறதுன்னா என்னையும் அனுப்புங்க சேர். எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து ரெண்டு நல்ல கால் இருக்கு. ஒரு ஆளுக்குப் போதும்."

யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று என்னைக் கெஞ்சியவர் அவர். நான் சொல்லவில்லை. அவராகத்தான் சொன்னார்.

மனேஜர் அந்த முழங்காலைப் பார்த்தார், சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தார். சனிக்கிழமைக்கு மூன்று நாள். விசில் ஊத வேறு ஆள் இல்லை.

"காலை இறக்குங்க சார்ஜன்ட், ப்ளீஸ். ஆராவது வந்திடப் போறாங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இருந்துகொண்டு செய்யிற வேலை ஏதும் செய்வாரா?" என்று கேட்டார்.

கெமரா அறையில் உட்கார்ந்து திரைகளைப் பார்ப்பதற்குக் கால் தேவையில்லை என்றேன். எலும்பு பொருந்தும் வரை யோகேசுக்கு அங்கே வேலை. கட்டு அவிழ்த்து நான் சரி என்று சொன்ன பிறகு ஓட்டப் பரீட்சை. ஓடி முடித்தால் இந்த அணியோடே தொப்பி. ஓடாவிட்டால் ஊர். அப்படித்தான் முடிவானது.

அணிவகுப்பில் இன்னொரு கூத்து நடந்தது. சார்ஜன்ட் வெட்கப்பட்டுப் போய், கடைசி இரண்டு நாளில் பிள்ளைகளை நேராக நடக்கப் பழக்கப் பார்த்தார். முடியவில்லை. பழகிய கால் கேட்குமா? பாதிப் பேர் நேராகவும் பாதிப் பேர் வீசியும் நடந்து ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். "விடுங்கோ சார்ஜன்ட், பழையபடியே போகட்டும்" என்றேன். சனிக்கிழமை எல்லாரும் ஒரே வீச்சாக வீசிப் போனார்கள். வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கத்து மாடிவீட்டுத் தொகுதி ஒன்றுக்குக் காவலாளிகளைத் தெரிவு செய்ய வந்த பிரதம விருந்தினர் மைக்கைப் பிடித்து, இப்படி ஒரு கம்பீரமான நடையைத் தான் எங்கும் கண்டதில்லை, இது எந்தப் படைப்பிரிவின் நடை என்று கேட்டார்.

சார்ஜன்ட் சல்யூட் அடித்தார். "எங்க சொந்த நடை சேர்."

"மாத்திப் போடாதீங்க" என்றார் அவர்.

அன்று மாலையே மனேஜர் உத்தரவு போட்டார். இனி எல்லா அணிக்கும் அதுதான் நடை. நீங்கள் இன்று மைதானத்தில் பார்த்து விழிக்கிற அந்த நடை அதுதான். பயப்படாதீர்கள், அது தொற்றாது.

சில கிழமை கழித்து யோகேசின் மாவுக்கட்டை அவிழ்த்தோம். நான் சரி என்ற பிறகு, ஒரு நாள் விடியக் காலையில் மணல் மூட்டையோடு தனியாக ஓடினான். அணி இல்லை, பார்வையாளர் இல்லை. மைதானத்தின் ஓரத்தில் சார்ஜன்ட் விசிலை வாயில் வைத்தபடி நின்றார், ஊத மறந்துவிட்டார். ஓடி முடித்தவனை என் அறைக்கு அனுப்பினார். உள்ளே வந்ததும், நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை, வலது காலை வைத்து ஸ்டூலில் ஏறி, மேல் தட்டில் இருந்த போத்தலை எடுத்துத் தந்தான். காலின் முன் எலும்பை அழுத்தினேன். கண் காய்ந்திருந்தது.

"வாசல் மட்டும் போய்த் திரும்பி வாரும். நடையைப் பாப்பம்."

வாசலில் சார்ஜன்ட் நின்றார். யோகேஸ் அவர் வரை போய்த் திரும்பி என்னை நோக்கி நடந்து வந்தான். வலது கால் திடமாக நிலத்தில் நின்றது. இடது முழங்காலை மடிக்காமல், காலை வெளிப்பக்கமாக வீசி வீசி, நன்றாக நொண்டிக்கொண்டு வந்தான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருட வேலையில் ஒருவன் நொண்டுவதைப் பார்த்து நான் அப்படிச் சந்தோசப்பட்டதில்லை.

"இப்ப சரியா நடக்குது" என்றார் சார்ஜன்ட்.

யோகேஸ் என் மேசையடியில் வந்து நின்றான். "பொண்ணு வீட்டுக்குப் போன் பண்ணிரலாமாங்க மிஸி?"

ஓம் தம்பி, எடும் என்று சொல்லி, என் போனையே எடுத்துக் கொடுத்தேன்.